நீ எடுத்துவிடச் சொன்ன நான்கு நிமிடம்

நம் பள்ளியின் பழைய மாணவியர் மலர் இன்று காலை தபாலில் வந்தது. வழவழப்பான தாள், பிரித்ததும் மை வாசனை. பதினோராம் பக்கத்தில் என்னைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். அறுபத்தாறு வயதில், தனி ஒருவராக, தம் கையாலேயே கம்ப்யூட்டர் பூட்டி, வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டு, தோழியின் குடும்பத்தில் பிரிந்திருந்த தாயையும் மகளையும் சேர்த்து வைத்த சாதனைப் பெண்மணி என்று.

மூன்று பிழைகள். அறுபத்தாறு இல்லை, அறுபத்து நான்கு. தனி ஒருவராகவும் இல்லை, நீ இருந்தாய். இந்த இரண்டையும் பென்சிலால் ஓரத்தில் திருத்திவிட்டேன். மூன்றாவதற்கு ஓரம் போதவில்லை. நான் யாரையும் சேர்த்து வைக்கவில்லை. அதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்லித் தொடங்க எனக்குத் தெரியவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

இதெல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். சந்தா வாங்க வந்த செயலாளர் அம்மாள் என் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். இன்னாருக்கு ஒரு படம் செய்ய வாங்கினேன், அவள் மகளுக்கு அனுப்ப, என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை அவரே எழுதிக்கொண்டார். நான் மறுத்திருக்க வேண்டும். அன்று எனக்கு அசதியாக இருந்தது. இப்போதெல்லாம் அசதி இல்லாத நாள் எது என்று பார்த்தால் ஒன்றும் தேறவில்லை.

இரண்டாயிரத்து எட்டில், பொங்கல் முடிந்த வாரம் நீ சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி கடலூரில் என் வீட்டுக்கு வந்தாய். தோளில் ஒரு கட்டைப்பை. வந்ததும் தண்ணீர் கூடக் கேட்காமல் பையை மேசையில் கவிழ்த்தாய். உன் வீடியோ கேமராவும், ரப்பர் பேண்ட் போட்ட பத்தொன்பது சின்ன கேசட்டுகளும் விழுந்தன. பல்கலைக்கழக நூலகத்தில் இரண்டாயிரத்திலேயே விருப்ப ஓய்வு வாங்கியபோது வந்த பணத்தில் நீ வாங்கிய ஒரே ஆடம்பரம் அந்தக் கேமரா. நகை வாங்காமல் இதை வாங்கினாயே என்று அன்று நான் திட்டியிருந்தேன்.

"கண்ணுல பிரஷராம்டி. பக்கவாட்டுலேருந்து கருப்பா திரை சாத்திக்கினே வருமாம். ஒரு வருஷம், மிஞ்சினா ஒன்றர வருஷம்ங்கறாரு டாக்டரு" என்றாய். மளிகைச் சாமான் விலை சொல்வதைப் போலத்தான் சொன்னாய். பிறகு கேசட்டுகளைத் தடவிக்கொண்டே, "இத்தினியும் நான் ஒரு தடவ பாக்கணும். பாத்து, நல்லதா ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, பூனாவுக்கு அனுப்பணும்" என்றாய்.

பூனாவில் உன் மகள் இருந்தாள். உனக்கு அவள் ஒருத்திதான். அதற்கு நான்கு வருடங்களுக்கு முன் ஒரு பொங்கல் விடுமுறையில் வந்து, கூட வேலை பார்க்கும் வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதாகச் சொல்லிவிட்டுப் போனவள், அப்புறம் வரவில்லை. நீ எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. எழுத்தில் சொல்ல வராததைப் படத்தில் சொல்லிப் பார்க்கலாம் என்று உனக்குத் தோன்றியிருந்தது. கண் போவதற்குள்.

ஸ்டுடியோவில் கொடுக்கலாமே என்றேன்.

"சிதம்பரத்துல எந்த ஸ்டுடியோவுலடி குடுக்கச் சொல்ற? நாலு வீதியிலயும் இருக்கறவன் பூரா எங்க வீட்ல சாப்பிட்டவன். காலையில அவன் பாத்தா சாயங்காலம் ஊருக்கே தெரியும். அதுவும் இல்லாம, எங்க பாத்தாலும் ரோஜாப்பூவப் பறக்க வுட்டு, எம்பொண்ணு மூஞ்சியக் கொண்டுபோய் இதயத்துக்குள்ள வெப்பான்."

அப்படித்தான் நாமே ஒரு கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவாயிற்று. வாங்குவது என்று நீ சொன்னாய். பூட்டுவது என்று நான் திருத்தினேன். கடையில் கிடைப்பதெல்லாம் ஆபீசில் கடிதம் அடிக்கிற எந்திரங்கள், வீடியோவுக்கு ஒவ்வொரு பாகத்தையும் தேர்ந்தெடுத்துச் சேர்க்க வேண்டும் என்று மஞ்சக்குப்பம் பிரவுசிங் சென்டரில் ஒரு வாரம் உட்கார்ந்து படித்துவிட்டு வந்து உனக்குச் சொன்னேன். நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் வரைபடம் போட்டவள் நான். ஒரு மயிரிழை தப்பினாலும் ஒருவனுடைய வயல் இன்னொருவனுக்குப் போய்விடும். எதையும் அரைகுறையாக வாங்கி எனக்குப் பழக்கமில்லை.

நீளமான நோட்டு ஒன்று போட்டேன். இடப்பக்கம் பாகம், நடுவில் அது எதற்கு, வலப்பக்கம் எந்த மாதிரி, ஏன். ஒரு மணி நேரக் கேசட் உள்ளே வந்தால் பதின்மூன்று ஜி.பி. இடம் பிடிக்கும். பத்தொன்பது கேசட்டுக்கு எவ்வளவு, வெட்டி ஒட்ட எவ்வளவு என்று போட்டுப் பார்த்து, படத்துக்கென்றே தனியாக ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க், கம்ப்யூட்டர் ஓட இன்னொரு சின்னது என்று எழுதினேன். கேமராவிலிருந்து படத்தை உள்ளே இழுக்க ஃபயர்வயர் என்று ஒரு வாய் வேண்டும், அது சாதாரண போர்டில் இருக்காது, தனி கார்டு வாங்கிச் செருக வேண்டும். மெமரி நான்கு ஜி.பி. போட்டாலும் நாம் போடப்போகிற விண்டோஸ் மூன்றே காலுக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. அதை எழுதி அடியில் சிவப்புக் கோடும் போட்டேன். கேபினெட்டோடு இலவசமாக வரும் மலிவு பவர் சப்ளை கூடாது. கரண்ட் போகிற ஊரில் யு.பி.எஸ். இல்லாமல் எதுவும் கூடாது.

நீ நோட்டை வாங்கி முகத்தருகே வைத்துப் புரட்டினாய். "மதர், இது கம்ப்யூட்டரா, வேதாகமமா?" என்றாய். எட்டாம் வகுப்பில் எனக்கு 'மதர் சுப்பீரியர்' என்று பட்டம் வைத்தவளும் நீதான், கடைசி வரை அதை விடாதவளும் நீதான்.

திருப்பாதிரிப்புலியூரில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்ற பாய் கடையை நினைத்தால் இன்றும் உன் சிரிப்புத்தான் கேட்கிறது. ஐம்பது வயசுக்காரர், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். நான் ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பி அடியில் இருக்கிற பொடி எழுத்தைப் படிப்பேன். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "அம்மா, கவர்மெண்ட் டெண்டர்ல கூட இவ்ளோ கேள்வி கேக்க மாட்டாங்கம்மா."

"நீங்க வேற பாய். இவ கல்யாணத்துக்கே மாப்ளைய ஸ்கேல் வெச்சி அளந்துட்டுத்தான் சரின்னா" என்றாய்.

"மாமா சரியா இருந்தாரா?" என்றார் பாய்.

"கால் இஞ்சு கொறஞ்சாரு. வாழ்க்க பூரா அத சொல்லிக் காட்டிட்டா."

கடை மொத்தமும் சிரித்தது. எனக்குக் கோபம். என் கணவர் போய் ஏழு வருடம் ஆகியிருந்தது அப்போது. ஆனால் அந்த ஏழு வருடத்தில் அவரைப் பற்றி யாரும் என் முன்னால் சிரித்ததே இல்லை என்பதும், அப்படிச் சிரித்தது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்தபோதுதான் தெரிந்தது. உன்னிடம் சொல்லவில்லை.

வைகாசியில் பாய் எல்லாவற்றையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். சென்னையிலிருந்து ஃபயர்வயர் கார்டு கூட வந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசசர் மட்டும் இரண்டு கோர் உள்ளதுதான் அந்த வாரம் கைவசம் இருந்தது. நான் நான்கு கோர் கேட்டேன். அது அப்போது யானை விலை, இரண்டு மூன்று மாதத்தில் இறங்கும் என்று படித்திருந்தேன். "காத்திருக்கலாம்" என்றேன். வெட்டி ஒட்டிய படத்தை ஒரே படமாகத் திரட்டி எடுப்பதை ரெண்டரிங் என்பார்கள். இரண்டு கோரில் அதற்கு நான்கு மணி நேரம் என்றால் நான்கு கோரில் இரண்டே மணி நேரம் என்று உனக்கு விளக்கினேன்.

நீ கடை வாசல் படியில் உட்கார்ந்திருந்தாய். அந்தப் படியை நீ இறங்கும்போது கால் தடுமாறியதைப் பார்த்தும் நான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"மதர், எனக்கு நாலு மூள வேணாம்டி. ரெண்டு கண்ணு இருக்கறப்பவே ஆரம்பி."

"அரைகுறையா ஆரம்பிச்சா அரைகுறையாத்தான் முடியும்" என்றேன் நான். பாய் கார்டை மறுபடி டப்பாவில் வைத்து மூடினார். நீ என்னோடு எதற்கும் அதிக நேரம் வாதாடியதில்லை. பள்ளியிலேயே அப்படித்தான். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நீயாக ஒரு முடிவுக்கு வந்திருந்தாய். அந்த முடிவினால் உனக்கு வந்த நஷ்டங்களை நீ என்னிடம் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை.

ஐப்பசியில்தான் வாங்கினோம். ஐந்து மாதம். ரெண்டரிங்கில் இரண்டு மணி நேரத்தை மிச்சம் பிடிக்க நான் உன் ஐந்து மாதத்தை எடுத்துக்கொண்டேன்.

பூட்டிய நாளைச் சொல்லாமல் விட முடியாது. அதுதான் நமக்கு வாய்த்த நல்ல நாள். மேசையில் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு, நான் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நீ விரலால் தடவித் தடவி எடுத்துக் கொடுத்தாய். பிராசசரை வைத்து நெம்புகோலை அழுத்தும்போது நெறுநெறுவென்று ஒரு சத்தம் வந்தது. இருவரும் கையை எடுத்துவிட்டோம்.

"ஒடஞ்சிச்சாடி?"

"அப்படித்தான் சத்தம் வரும்னு போட்டிருக்கு."

"போட்டிருக்கறவன் வந்து அழுத்தட்டுமே."

அழுத்தினேன். ஒன்றும் உடையவில்லை. அதன் மேல் வைக்கும் மின்விசிறிக்கு நான்கு கால். மூன்று கால் 'டக்'கென்று பதிந்தது, நான்காவது பதியவே மாட்டேன் என்றது. நீ எழுந்து நின்று, இரண்டு கட்டை விரலையும் வைத்து, இட்லி மாவு ஆட்டுகிறவள் போல உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு அமுக்கினாய். போர்டு வளைந்தது. நான் கத்தினேன். 'டக்'கென்றது. "பாத்தியா, இதுக்கு நோட்டு தேவையில்ல" என்று சொல்லிவிட்டு நீ விரலை வாயில் வைத்து ஊதிக்கொண்டாய். முதல் முறை பட்டனை அழுத்தியபோது ஒன்றும் வரவில்லை. பவர் சப்ளையின் பின்பக்கத்துச் சுவிட்சைப் போட மறந்திருந்தோம். இரண்டாம் முறை வந்தது. இருவரும் காபி போட்டுக் குடித்தோம், அதற்கு முன்னால் உட்கார்ந்து, வெறும் கறுப்புத் திரையில் ஓடும் வெள்ளை எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு.

திரையிலும் நான் தப்புச் செய்தேன். உன் கண்ணுக்காக என்றே இருப்பதில் பெரியதாகப் பார்த்து வாங்கியிருந்தேன். இஞ்சுக் கணக்கெல்லாம் சரி. உன் பார்வை ஓரத்திலிருந்து சுருங்குகிறது என்பதை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. பெரிய திரையின் நடுவில் ஒரு தட்டளவுதான் உனக்குத் தெரிந்தது. "என்னா பெரிசா வாங்கி என்னாடி, இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரத்துக்கு நான் முட்லூர் வழியா பஸ் ஏறிப் போவ வேண்டியிருக்கு" என்றாய். நாற்காலியைப் பின்னால் தள்ளித் தள்ளி, கடைசியில் சமையலறை வாசற்படியில் போய் உட்கார்ந்துதான் உன்னால் முழுத் திரையையும் பார்க்க முடிந்தது. அங்கிருந்தே மார்கழி, தை முழுவதும் முதல் பத்துக் கேசட்டுகளைப் பார்த்தாய். ஒரு மணி நேரக் கேசட் உள்ளே வர ஒரு மணி நேரம் பிடிக்கும், வேகப்படுத்த முடியாது. பிச்சாவரத்தில் படகிலிருந்து மகள் தண்ணீரை அள்ளி உன் மேல் அடித்தது, மாடியில் அவள் தலை உலர்த்தியது, உன் சப்பாத்தியை அவள் ஸ்கேல் இல்லாத உலக வரைபடம் என்று கேலி செய்தது. "இத வெச்சிக்க. இதயும் வெச்சிக்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். ஒரு மணி நேரப் படத்துக்கு ஐந்து மணி நேரம் 'வைத்துக்கொண்டோம்'.

பிறகு உறை விஷயம்.

கடலூர்க் காற்றில் உப்பு. என் வீட்டில் டி.வி.க்கு உறை, மிக்சிக்கு உறை, கிரைண்டருக்கு உறை, தையல் எந்திரத்துக்கு உறை. கம்ப்யூட்டர் பூட்டிய மறுவாரமே அதற்கும் தைத்துவிட்டேன். பள்ளியில் கன்னியாஸ்திரீகள் கற்றுக்கொடுத்த குறுக்குத் தையலில் விளிம்பெல்லாம் நீலப் பூ. முன்பக்கம் பட்டனுக்கும் டிஸ்க் போடும் வாய்க்கும் மட்டும் துவாரம். மற்றபடி ஒரு நூல் இடைவெளி இல்லாமல், கேபினெட்டுக்குத் தோல் போட்டதுபோல அளந்து தைத்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். நிறுத்தியிருக்கும்போது போட வேண்டியதை ஓடும்போதும் போட்டே வைத்திருந்தேன். குளிர் மாதத்தில் ஒன்றும் ஆகவில்லை. சித்திரையில் முதல் அரை மணிப் படத்தை ரெண்டரிங் போட்டேன். இருபது நிமிடத்தில் அணைந்தது. மறுபடி போட்டேன். பதினைந்து நிமிடத்தில் அணைந்தது.

ஐந்து வாரம், பெண்ணே. ஐந்து வாரம் நான் நோட்டை வைத்துக்கொண்டு குற்றவாளியைத் தேடினேன். மெமரியைக் கழற்றி மாற்றிப் போட்டேன். விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினேன். பவர் சப்ளை சரியில்லை என்று பாயிடம் சண்டை போட்டு, அது வாரண்டியில் சென்னைக்குப் போய் அப்படியே திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மாட்டி முடித்து, கடைசியில் உறையை மறக்காமல் போட்டுத்தான் சோதித்தேன்.

அந்த ஐந்து வாரத்தில் உன் திரை சாத்திவிட்டது. கண்டக்டர் கையைப் பிடித்து இறக்கிவிட, நீ வைகாசியில் வந்தாய். இனி என் வீட்டிலேயே இருந்து முடிப்பது என்று துணி மூட்டையோடு வந்திருந்தாய். மேசையைத் தடவிக்கொண்டு வந்த கை, ஓடிக்கொண்டிருந்த கேபினெட்டின் மேல் பட்டது. நின்றுவிட்டாய்.

"அடியே, இதுக்குக் காய்ச்சல் அடிக்குதுடி. இந்த வெயில்ல போர்வையப் போத்தி வெச்சிருக்கியே, எடுடி அத."

எடுத்தேன். ரெண்டரிங் இரண்டு மணி நேரம் அணையாமல் ஓடி முடிந்தது. நீ என்னைப் பழிக்கவில்லை. உறையை வாங்கித் தடவிப் பார்த்து, "தையல் என்னமோ நல்லாத்தான் இருக்கு" என்றாய். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நீ காதால்தான் படம் செய்தாய். குரலை வைத்தே எந்தக் கேசட், எந்த வருடம் என்று சொன்னாய். பதினாறு கேசட் முடிந்தது. பதினேழாவதில்தான் அது இருந்தது.

பொங்கல் மறுநாள், சிதம்பரத்தில் உன் வீடு. மகள் சாப்பிடுவதை நீ படம் எடுத்துக்கொண்டிருக்கிறாய், நான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் அந்தச் செய்தியைச் சொல்கிறாள். நீ கேமராவை மேசையில் வைத்துவிடுகிறாய், அணைக்காமல். அதன்பின் படத்தில் ஒரு டம்ளரின் பாதியும் சுவரும்தான். குரல்கள் மட்டும். உன் குரல் இல்லை. என் குரல். "படிச்ச பொண்ணு செய்யற காரியமா இது? ஒங்கம்மா மொகத்தப் பாரு. இனிமே இந்த வாசப்படி ஏறாத. அவளுக்கு நீ செய்யற மரியாத அது ஒண்ணுதான்." நாற்காலி இழுபடுகிறது. செருப்புச் சத்தம். பிறகுதான் நீ பேசுகிறாய்.

"கூப்புடுடி அவள. எனக்குக் கால் வரல. போய்க் கூப்புடு."

"வுடு. நாலு நாள் கழிச்சித் தானா வருவா. இப்பக் கூப்ட்டா நீ தோத்த."

"கூப்புடுடி..."

தாழ்ப்பாள் விழும் சத்தம். அது என் கை.

நான்கு நிமிடம். நாம் இருவரும் அதை மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டோம். நீ அழைக்கச் சொன்னதை நான் மறந்தே போயிருந்தேன். சத்தியமாக மறந்திருந்தேன். நீ மறக்கவில்லை என்பது உன் முகத்தில் தெரிந்தது.

"அத எடுத்துடு மதர்" என்றாய்.

"ஏன்? நீ கூப்பிடச் சொன்னது அவளுக்குத் தெரிய வேணாமா?"

"எனக்கப்பறம் இந்தப் பக்கம் அவளுக்குன்னு இருக்கப்போறது நீ ஒருத்திதான். உன்னயும் எடுத்துட்டா அவ யாருகிட்ட வருவா?"

எடுத்தேன். நீ சொன்னதால் எடுத்தேன் என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதை எடுக்கும்போது என் கை எவ்வளவு வேகமாக ஓடியது என்று உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. அழிக்கவில்லை, படத்திலிருந்து வெளியே எடுத்துத் தனியாக வைத்தேன்.

அந்தக் கார்த்திகையில், கொட்டுகிற மழையில், இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சிதம்பரம் போன நீ திரும்பவில்லை. மாரடைப்பு. படத்தில் பன்னிரண்டு நிமிடம் பாக்கியிருந்தது. மகள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரத் தரையில் பையோடு நின்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அவள் என் கையைப் பிடித்து, "சாப்பிட்டீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அப்புறம் இரண்டு வருடம் நான் அந்த எந்திரத்தைத் தொடவில்லை. புயல் வந்து, ஓடு பறந்து, பதினெட்டு நாள் கரண்ட் இல்லாமல் கிடந்து, வெளிச்சம் வந்த அன்று அது ஓடுகிறதா என்றுதான் போட்டுப் பார்த்தேன். ஓடியது. பன்னிரண்டு நிமிடத்தையும் முடித்தேன். ரோஜாப்பூ இல்லை. பூனாவுக்கு அனுப்பினேன்.

பத்து நாளைக்கு முன் பதில் வந்தது. ஒரே தாள், உன் கையெழுத்தைப் போலவே சாய்ந்த எழுத்து. மூன்று முறை பார்த்தாளாம். கணவரும் பார்த்தாராம். மகளுக்கு அம்மாச்சி முகம் இப்போது தெரிகிறதாம். ஆம், உனக்கு ஒரு பேத்தி இருக்கிறாள், மூன்று வயது. கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: "ஒன்றே ஒன்று கேட்கிறேன் ஆன்ட்டி. அன்று தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். அம்மா வாசலுக்கு வரவில்லை. என்னைக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லையா? நீங்கள்தான் கூட இருந்தீர்கள். உங்களைத் தவிர எனக்குச் சொல்ல யாருமில்லை."

பத்து நாள் அதை மேசையிலேயே வைத்திருந்தேன். உன் சொல்லைக் காப்பாற்றுவது என்றால் பேசாமல் இருந்துவிடலாம். அவள் என்னிடம் வருவாள், பேத்தியைக் கொண்டுவந்து காட்டுவாள், அன்று திட்டியதைக் கூட மன்னித்து என்னை நல்லவளாகவே நினைத்திருப்பாள். நீ எனக்கு விட்டுப்போன ஒரே சொத்து அது. அதை அனுபவிக்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. உன் மகள் மட்டும் தன் தாய் தன்னைக் கூப்பிடவில்லை என்று நினைத்தபடியே கிழவியாவாள்.

இதில் உன்னை மீறுகிறேன். இன்று முற்பகல் அந்த நான்கு நிமிடத்தையும் தனி டிஸ்க்கில் எழுதினேன். எதையும் வெட்டவில்லை. என் குரலைக் குறைக்கவில்லை, உன் குரலைக் கூட்டவில்லை. அவள் செய்தி சொல்வதில் தொடங்கி, தாழ்ப்பாள் சத்தமும் அதன் பின்னால் வருகிற அமைதியும் வரைக்கும் அப்படியே விட்டிருக்கிறேன். நடந்தே போய்ப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். முட்டி வலிக்கிறது. உன் முகத்தில் அன்று நான் பார்த்தது போகவில்லை, இனி போகவும் போகாது. அவள் வரலாம், வராமலும் போகலாம். இரண்டையும் தாங்க எனக்குப் பெரிதாகத் தெம்பு இல்லை. ஆனாலும் அதற்காக உண்மையை இன்னொரு வருடம் காக்கவைக்க முடியாது.

டிஸ்க்கோடு வைத்த தாளில் எழுதியதை உனக்கும் சொல்லிவிடுகிறேன்.

"உன் அம்மா உன்னைக் கூப்பிடச் சொன்னாள். இரண்டு முறை சொன்னாள். கதவைச் சாத்தியது நான். கேட்டுவிட்டு, உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை எனக்குச் சொல். போன் வேண்டாம், போனில் நான் குறுக்கே பேசிவிடுவேன். ஒரு வரியானாலும் போதும், எழுத்தில் பதில் போடு."